யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் வாழ்க்கை

1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் தேதி. மலாயா நள்ளிரவுக்காகக் காத்திருந்தது. பிரிட்டிஷ் கொடி இறங்கி நம் கொடி ஏறுவதைப் பார்க்க, கோலாலம்பூர் பாடாங்கில் மக்கள் கூடிக்கொண்டிருந்தனர். அதே நாளில், கடலுக்கு அப்பால், சென்னை அரசு பொது மருத்துவமனையில் ஒரு தமிழ் நடிகர் காலமானார். வயது 48. தமிழ்த் திரையுலகம் அவரைக் கலைவாணர் என்று அழைத்தது. அவர்தான் நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன், சுருக்கமாக என்.எஸ்.கே.

மெர்டேக்கா நாளுக்கு முந்திய நாள் மறைந்தவர் என்பதாலோ என்னவோ, அவருடைய நினைவு நாள் நம் நாட்டில் பெரும்பாலும் கவனிக்கப்படாமலே கடந்துவிடுகிறது. நம் தாத்தா பாட்டிக்கு அவரைத் தெரியும். நம் பெற்றோர் பழைய பாடல் நிகழ்ச்சிகளில் அவர் குரலைக் கேட்டிருப்பார்கள். நம்மில் பலருக்கோ அது கறுப்பு வெள்ளைப் படத்தில் வரும் ஒரு சிரித்த முகம், அவ்வளவுதான்.

இன்று நம் வயதினர் ‘ஸ்டாண்ட்-அப் காமெடி’ நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்க்கிறோம். கையில் ஓர் ஒலிவாங்கி, எதிரே கூட்டம், நடுவில் ஒரே ஓர் ஆள். இது மேல்நாட்டிலிருந்து வந்த கலை என்று நினைக்கிறோம். பெயர் வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம். ஒற்றை ஆளாக நின்று, கதை சொல்லி, இடையிடையே பாடி, நாட்டு நடப்பைக் கிண்டலடித்து, ஒரு கூட்டத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் கலை தமிழரிடம் முன்பே இருந்தது. அந்தக் கலையைத் திரைக்கும் அரசியல் மேடைக்கும் கொண்டுவந்தவர் என்.எஸ்.கே. அவர் வாழ்க்கையைப் படிப்பவருக்கு ஒரு கேள்வி மனத்தில் நிற்கும். நாம் சிரிக்கும்போது யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

ஒழுகினசேரிச் சிறுவன்

1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி, நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் அவர் பிறந்தார். அப்போது அந்தப் பகுதி திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்தது. தந்தை பெயர் சுடலைமுத்து, தாயார் பெயர் இசக்கியம்மாள். ஏழைக் குடும்பம். பள்ளிப் படிப்பு தொடக்க நிலையிலேயே நின்றுவிட்டது. டென்னிஸ் விளையாடும் இடத்தில் பந்து பொறுக்கிப் போடுவது, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்பது என்று சிறு வயதிலேயே கிடைத்த வேலையைச் செய்தார்.

தின்பண்டம் விற்கப் போன இடம்தான் அவருக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது. உள்ளே நடக்கும் நாடகத்தைப் பார்ப்பதும், வசனத்தையும் பாட்டையும் மனப்பாடம் செய்வதும், வெளியே வந்து நண்பர்களிடம் நடித்துக் காட்டுவதும் வழக்கமாயின. படிக்க முடியாமல் போன அந்தப் பையன்தான் பின்னாளில் கல்வியைப் பற்றி மிகச் சிறந்த நகைச்சுவைக் கதை ஒன்றைச் சொல்லப்போகிறான். அதற்குப் பிறகு வருவோம்.

வில்லுப்பாட்டு கற்றுக்கொடுத்தது

என்.எஸ்.கே.யின் கலைக்கு வேர் எங்கே என்று தேடினால் அவருடைய பெற்றோரின் பெயர்களிலேயே ஒரு விடை இருக்கிறது. சுடலையும் இசக்கியும் தென் தமிழகத்தின் நாட்டுப்புறத் தெய்வங்கள். அந்தத் தெய்வங்களின் கதைகளைக் கோயில் கொடை விழாக்களில் இரவு முழுக்கப் பாடும் கலைதான் வில்லுப்பாட்டு. நாஞ்சில் நாட்டில் பிறந்த குழந்தைக்கு அது தாலாட்டைப் போலவே பழகிய ஒன்று.

வில்லுப்பாட்டு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கவனிப்போம். நீண்ட வில் ஒன்றில் மணிகள் கட்டியிருக்கும். அந்த வில்லைக் குடத்தோடு சேர்த்து வைத்து, வீசுகோலால் நாணைத் தட்டியபடி முதன்மைப் பாடகர் கதை சொல்வார். பக்கத்தில் உடுக்கை, குடம், தாளம். அவர் ஒரு வரி சொன்னதும் துணைப் பாடகர்கள் ஆமாம் போடுவார்கள், கேள்வி கேட்பார்கள், வேண்டுமென்றே தவறாகப் புரிந்துகொள்வார்கள். அதற்கு அவர் பதில் சொல்லும்போது கூட்டம் சிரிக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரையும், அன்று ஊரில் நடந்த சம்பவத்தையும் கதைக்குள் இழுத்துப்போட அவருக்கு உரிமை உண்டு. கூட்டம் தூங்கினால் உடனே தெரிந்துவிடும், அப்போதே வேகத்தை மாற்ற வேண்டும்.

இன்றைய மேடைச் சிரிப்புக் கலைஞர்கள் பழகும் பயிற்சியும் ஏறத்தாழ இதுவே. நேரம் பார்த்துப் பேசுவது, கூட்டத்தின் முகத்தைப் படிப்பது, உள்ளூர்ச் செய்தியைக் கதையில் சேர்ப்பது ஆகியவற்றை என்.எஸ்.கே. வில்லுப்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். பின்னாளில் காந்தியடிகளின் வாழ்க்கையையே வில்லுப்பாட்டாக மேடைகளில் பாடினார். சாமி கதை பாடிய வில், தேசத் தலைவரின் கதையையும் பாடியது.

1920-களின் நடுப்பகுதியில் அவர் நாடகக் குழுவில் சேர்ந்தார். அது சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்ட ‘பாய்ஸ் கம்பெனி’களின் காலம். டி.கே.எஸ். சகோதரர்கள் நடத்திய மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபாவில் அவர் வளர்ந்தார். நடிகர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த வேடத்தைக் கிருஷ்ணன் போட்டுவிடுவார் என்று நம்பும் அளவுக்கு எல்லாப் பாத்திரங்களின் வசனமும் அவருக்குத் தெரிந்திருந்தது. நகைச்சுவைதான் தன் இடம் என்பதை அந்த மேடையில்தான் கண்டுகொண்டார்.

படத்துக்குள் ஒரு படம்

1930-களின் நடுவில் நாடகக் கலைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சினிமாவுக்குப் போனார்கள். என்.எஸ்.கே.யும் போனார். டி.கே.எஸ். குழுவினரின் ‘மேனகா’ 1935-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய ‘சதி லீலாவதி’ வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றியது அந்தப் படத்தில்தான். நம்மைப் போன்ற புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு இன்னொரு செய்தியும் அதில் உண்டு. குடியால் கெட்ட கதாநாயகன், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குத் தப்பி ஓடி அங்கே கூலியாக உழைப்பதாகக் கதை போகிறது. தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கை அவ்வளவு முன்னதாகவே தமிழ்த் திரையில் இடம்பெற்றுவிட்டது.

அதே 1936-இல் ‘வசந்தசேனா’ படப்பிடிப்புக்காகப் பூனாவுக்குச் சென்றபோது டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார். அங்கேயே இருவரும் மணந்துகொண்டனர். என்.எஸ்.கே.வுக்கு ஏற்கெனவே நாகம்மையுடன் திருமணம் ஆகியிருந்தது. அதை மதுரத்திடம் மறைத்துத்தான் மணந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெண்ணுரிமையைத் திரையில் பேசியவரின் சொந்த வாழ்க்கையில் இப்படி ஒரு கறை உண்டு. மதுரம் உண்மை தெரிந்து கோபப்பட்டார், பிறகு சமாதானமானார் என்று வாழ்க்கை வரலாறுகள் எளிதாகக் கடந்துவிடுகின்றன. அந்தச் சமாதானத்துக்கு மதுரம் கொடுத்த விலை என்ன என்று நாம் கேட்டுப் பார்க்கலாம்.

திரையில் இருவரும் இணையற்ற ஜோடியானார்கள். அதற்கு முன் படங்களில் பெண் நகைச்சுவை நடிகைக்குப் பெரிய இடம் இல்லை. மதுரம் வெறுமனே சிரித்துக்கொண்டு நிற்கவில்லை. கணவனைக் கேள்வி கேட்டு மடக்கும் மனைவியாக வந்தார். பல காட்சிகளில் கடைசி அடி அவருடையதாகவே இருக்கும்.

அக்காலப் படங்களில் நகைச்சுவை தனியாக இணைக்கப்படும் ஒரு பகுதி. என்.எஸ்.கே. தன்னோடு புளிமூட்டை ராமசாமி, டி.எஸ்.துரைராஜ் போன்ற நடிகர்களைச் சேர்த்து ஒரு குழுவை அமைத்தார். நகைச்சுவைப் பகுதிக்கான கதை, வசனம், பாட்டு எல்லாவற்றையும் அந்தக் குழுவே உருவாக்கியது. படத்தின் இயக்குநர் யாராக இருந்தாலும் அந்தப் பகுதி என்.எஸ்.கே.யின் பொறுப்பு. படத்துக்குள் அவர் தனியாக ஒரு சிறு படம் நடத்தினார் என்றே சொல்லலாம். ‘அம்பிகாபதி’, ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘கண்ணகி’, ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ என்று வரிசையாகப் படங்கள் வந்தன. அவர் நடித்த படங்கள் நூற்றைத் தாண்டும்.

இந்தச் சிறு படங்களில் அவர் யாரைக் கிண்டலடித்தார் என்று பார்த்தால், போலிச் சாமியார், மூடநம்பிக்கை பிடித்த பணக்காரர், சாதிப் பெருமை பேசுபவர், குடிகாரக் கணவர் ஆகியோர்தான் வரிசையாக நிற்கிறார்கள். ஊனமுற்றவரையோ, தோல் நிறத்தையோ, பசியால் வாடுபவரையோ கேலிப்பொருளாக்கி அவர் தன் பெயரை வளர்க்கவில்லை. பெரும்பாலும் அடி வாங்கும் பாத்திரம் அவருடையதே. முட்டாளாக வருபவரும் அவரே, முடிவில் திருந்துபவரும் அவரே. தன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது, கூட்டம் தன்னையறியாமல் தனக்குள் இருக்கும் அதே குறையைப் பார்த்துச் சிரிக்கிறது. அதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

வதந்தி கொண்டுபோன இரண்டரை ஆண்டுகள்

அவர் புகழின் உச்சியில் இருந்தபோதுதான் அந்த இடி விழுந்தது.

சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகையை நடத்திவந்தார். நடிகர், நடிகைகளின் அந்தரங்கத்தைப் பற்றி உண்மையும் பொய்யும் கலந்து எழுதுவதே அதன் தொழில். எழுதாமல் இருக்கப் பணம் வாங்குவதும் நடந்தது. மஞ்சள் பத்திரிகை என்று நாம் சொல்வதற்குச் சரியான உதாரணம். இதைப் பொறுக்காமல், அன்றைய உச்ச நட்சத்திரமான எம்.கே.தியாகராஜ பாகவதர், என்.எஸ்.கே., தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் ஆளுநரிடம் முறையிட்டனர். பத்திரிகையின் உரிமம் ரத்தானது. லட்சுமிகாந்தன் ‘இந்து நேசன்’ என்ற வேறொரு பத்திரிகையை வாங்கி அதே வேலையைத் தொடர்ந்தார்.

1944 நவம்பரில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைச் சிலர் வழிமறித்துக் கத்தியால் குத்தினர். மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைது செய்யப்பட்டனர். பாகவதரும் அவரும் சேர்ந்து நடித்த ‘ஹரிதாஸ்’ அந்தத் தீபாவளிக்குத்தான் வெளிவந்திருந்தது. கதாநாயகனும் நகைச்சுவை நடிகரும் சிறையில் இருக்க, படம் மட்டும் சென்னைத் திரையரங்கில் மூன்று தீபாவளிகளைப் பார்த்து ஓடியது.

வழக்கு ஜூரிகள் முன் நடந்தது. 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. அக்காலத்தில் இந்தியாவுக்கும் இறுதி நீதிமன்றமாக இருந்தது லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். வழக்கு அங்கே போனது. அங்கிருந்து மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திரும்பியது. வி.எல்.எத்திராஜ் வாதாடினார். சாட்சியங்கள் நம்பத் தகுந்தவை அல்ல என்று கண்டு, 1947 ஏப்ரலில் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. அதற்குள் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் சிறையில் போய்விட்டன.

இந்தக் காலத்தில் குடும்பத்தையும் வழக்கையும் சுமந்தவர் மதுரம். எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையுடன் என்.எஸ்.கே. பெயரிலேயே ஒரு நாடகக் குழுவை நடத்தினார். கணவர் சிறையில் இருக்கும்போது மேடையேறிச் சிரிக்க வைப்பது எத்தனை கடினம் என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒரே வழக்கு, இரண்டு முடிவுகள்

விடுதலையான இருவரின் பிற்கால வாழ்க்கையும் வேறு வேறு திசையில் போயின. பாகவதரின் புகழ் மீளவே இல்லை. வெளியே வந்து நடித்த படங்கள் அவருக்குப் பழைய வெற்றியைத் தரவில்லை. 1959-இல் அவர் காலமானார். என்.எஸ்.கே.யோ வெளியே வந்த அதே ஆண்டிலேயே மக்கள் முன் நின்றார்.

காரணம் பலவாக இருக்கலாம். எனக்குத் தோன்றுவது இதுதான். கதாநாயகன் குறையில்லாதவன் என்ற நம்பிக்கையில் நிற்கிறான். அந்தப் பிம்பத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும். நகைச்சுவைக் கலைஞன் முதல் நாளிலிருந்தே தன் குறையைக் காட்டித்தான் பிழைக்கிறான். விழுந்து எழுவதே அவன் தொழில். சிறையையும் என்.எஸ்.கே. அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவருடைய குழுவின் நாடகத்தை ஒட்டி எடுக்கப்பட்ட ‘பைத்தியக்காரன்’ படம் 1947-இல் வெளிவந்தது. விதவை மறுமணம் பற்றிய படம் அது. விடுதலையான என்.எஸ்.கே.வுக்கும் அதில் காட்சிகள் சேர்க்கப்பட்டன. தன் சிறை அனுபவத்தையே அங்கே பாட்டாகவும் சிரிப்பாகவும் மாற்றிக் கொடுத்தார். யார் மீதும் வசை இல்லை. தன்னைச் சிறைக்கு அனுப்பியவர்களைப் பழிதீர்க்க அவரிடம் மேடையும் கூட்டமும் இருந்தன. அவற்றை அதற்குப் பயன்படுத்தவில்லை.

தமிழ் நாடகத் தந்தை என்று போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் நடந்த விழாவில் அவருக்குக் ‘கலைவாணர்’ பட்டம் அளித்ததும் அதே 1947-இல்தான்.

கிந்தனார் போன பள்ளிக்கூடம்

மாணவர்களாகிய நாம் என்.எஸ்.கே.யின் ஒரே ஒரு படைப்பைத்தான் கேட்க நேரம் இருக்கிறது என்றால், அது ‘கிந்தனார்’ காலட்சேபமாக இருக்கட்டும்.

நந்தனார் கதை நமக்குத் தெரியும். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பண்ணையாள் நந்தனார், தில்லைக்குப் போய் நடராசரைத் தரிசிக்க ஏங்கினார். அதைக் கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் இசைக் கதையாக எழுதினார். பாகவதர்கள் அதைக் கதாகாலட்சேபமாக ஊர் ஊராகப் பாடினார்கள். ஒரே ஆள் நின்று கதை சொல்லி, பாடி, எல்லாப் பாத்திரங்களாகவும் மாறிக் காட்டும் கலை வடிவம் அது.

என்.எஸ்.கே. அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே இருந்த பொருளை மாற்றினார். இவருடைய கிந்தன் ஏங்குவது கோயிலுக்குப் போக அல்ல, படிக்க. ஏழைப் பண்ணையாளின் மகனான அவன், தடைகளைத் தாண்டி, இரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வித் துறை அதிகாரியாக உயர்கிறான். காலட்சேபம் செய்பவரின் இழுவை, தொண்டைச் செருமல், கதையை நிறுத்திவிட்டு வேறு எங்கோ போய்விட்டு வரும் பழக்கம் எல்லாம் அதில் இருக்கும். கேட்பவர் அந்தப் பாவனையைக் கண்டு சிரித்துக்கொண்டே இருக்கும்போது, ஒரு சிறுவனைப் பள்ளியிலிருந்து தள்ளி வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்ற எண்ணம் உள்ளே இறங்கிவிடும்.

அவருடைய சொந்தப் படிப்பு எங்கே நின்றது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தின் அருமை, கொட்டகை வாசலில் தின்பண்டம் விற்ற பையனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கிந்தனார் இடம்பெற்ற படம் 1949-இல் வந்த ‘நல்லதம்பி’. கதை வசனம் சி.என்.அண்ணாதுரை. பின்னாளில் தமிழக முதலமைச்சரான அண்ணா, திரைப்படத்துக்கு எழுதத் தொடங்கிய காலம் அது. மதுவிலக்கும் அந்தப் படத்தின் முக்கியச் செய்தி. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948-இல். அதே ஆண்டுகளில் பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள கெடா மாநிலத் தோட்டங்களில், தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்துகொண்டிருந்தனர். சம்பளம் வாங்கிய கையோடு கள்ளுக்கடைக்குப் போகும் அப்பாவின் கதை, நாகர்கோவிலிலும் பீடோங்கிலும் ஒரே கதைதான். அத்தகைய வீட்டிலிருந்து வந்த ஒருவருக்கு என்.எஸ்.கே.யின் குடிகாரன் காட்சி வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்காது.

அவர் பாடல்களில் பலவற்றுக்கு உடுமலை நாராயணகவி துணை நின்றார். விஞ்ஞானத்தை வளர்க்கப் போவதாகக் கணவன் மனைவியிடம் பெருமையடிக்கும் ஒரு பாடலில், பொத்தானைத் தட்டினால் வேலைகள் எல்லாம் தானாக நடக்கும் காலத்தை அவர்கள் கற்பனை செய்தார்கள். கைப்பேசியைத் தட்டி உணவு வரவழைக்கும் நமக்கு அது இப்போது கற்பனையே அல்ல.

இயக்குநராகவும் அவர் தடம் பதித்தார். 1951-இல் ‘மணமகள்’, 1952-இல் சிவாஜி கணேசன் நடித்த ‘பணம்’. இரண்டுக்கும் வசனம் மு.கருணாநிதி. தணிக்கைக்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த காலம் அது. ‘பணம்’ படத்தில் அண்ணா தொடங்கிய கட்சியின் முதலெழுத்துகளை வைத்து ஒரு பாட்டுப் பாடினார். கடைசியில் அந்த எழுத்துகள் திருக்குறளைப் பரப்பும் ஒரு கழகத்தின் பெயராக விரியும். கத்தரிக்கோல் வைக்க வழியில்லை. கொட்டகையில் இருந்தவர்களுக்கோ புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

எதிராளியைப் புகழ்ந்து வாங்கிய வாக்கு

என்.எஸ்.கே. பெரியாரின் கருத்துகளில் பற்றுள்ளவர். அண்ணாவின் நண்பர். காந்தியடிகள் மறைந்தபோது நாகர்கோவிலில் தன் சொந்தச் செலவில் நினைவுத் தூண் எழுப்பியவரும் அவரே. இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டவை என்று அவர் நினைக்கவில்லை. நல்லதை எங்கே கண்டாலும் எடுத்துக்கொண்டார்.

அவர் இறந்த ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைத் தமிழகத்தில் இன்றும் சொல்வார்கள். 1957 தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தில் போட்டியிட்டார். எதிர்த்து நின்றவர் ஊரில் நல்ல பெயர் எடுத்த மருத்துவர். பிரசாரத்துக்கு வந்த என்.எஸ்.கே. அண்ணாவைப் பற்றிப் பேசாமல் அந்த மருத்துவரைப் புகழ்ந்து தள்ளினாராம். கைராசிக்காரர், ஏழைகளிடம் அன்பானவர் என்று அடுக்கிக்கொண்டே போனாராம். அண்ணாவின் ஆதரவாளர்கள் திகைத்துப் போனார்கள். முடிவில், இவ்வளவு நல்ல மருத்துவரைச் சென்னைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, ஆகவே அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். அண்ணா வென்றார்.

பேச்சுப் போட்டிகளுக்கும் பட்டிமன்றங்களுக்கும் தயாராகும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எதிரணியை அவமானப்படுத்தாமலே வெல்ல முடியும். கூட்டம் எதிர்பார்த்த திசைக்கு நேர் எதிராக நடந்து, கடைசி வாக்கியத்தில் திரும்புவது மேடைச் சிரிப்பின் அடிப்படை. அதற்குக் கெட்ட வார்த்தை ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

கொடுத்துக் காலியான கை

சம்பாதித்த பணம் அவரிடம் தங்கவில்லை. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். வருமானவரி அதிகாரி ஒருவர், இவர் கணக்கில் இவ்வளவு தொகை தருமமாகப் போயிருக்கிறதே, உண்மைதானா என்று சந்தேகப்பட்டு, தன்னை ஓர் ஏழைத் தந்தையாகச் சொல்லிக்கொண்டு மகள் கல்யாணத்துக்கு உதவி கேட்டாராம். என்.எஸ்.கே. உடனே வரச் சொன்னதைக் கேட்டு அதிகாரி நெகிழ்ந்து போனாராம். இந்தக் கதை பலர் வாயில் பல விதமாக உலவுகிறது. எது எப்படியோ, இறுதி நாட்களில் அவர் வறுமையில் இருந்தார் என்பது உண்மை. அவரைக் குருவாக மதித்த எம்.ஜி.ஆர். குடும்பத்துக்கு உதவினார்.

கொடைத்தன்மையைப் போற்றுவது நம் மரபு. ஆனாலும் அந்தக் கொடையின் சுமை மதுரத்தின் மீதும் பிள்ளைகள் மீதும் விழுந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மதுரம் 1974 வரை வாழ்ந்தார். கலைவாணரைப் பற்றிப் பேசும் மேடைகளில் அவருக்கும் சம இடம் கொடுப்பதுதான் நியாயம்.

உடல்நலம் குன்றிய நிலையிலும் அவர் நடிப்பதை நிறுத்தவில்லை. 1956-இல் வந்த ‘மதுரை வீரன்’, ‘ராஜா ராணி’ ஆகியவற்றில் அவரைப் பார்க்கலாம். ‘ராஜா ராணி’யில் சிரிப்பின் வகைகளை ஒவ்வொன்றாகச் சிரித்துக் காட்டிப் பாடும் பாடல் ஒன்று உண்டு. வாழ்நாள் முழுக்கத் தான் செய்த தொழிலுக்கு அவர் எழுதிய அகராதி என்று அதைச் சொல்லலாம். அடுத்த ஆண்டு அவர் இல்லை.

1969 ஜனவரியில் சென்னை தியாகராய நகரில் அவருடைய சிலை திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் முதலமைச்சர் அண்ணா. கடும் நோயில் இருந்த அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அது. அடுத்த மாதம் அவரும் மறைந்தார். சென்னை வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் தீவிலும் ஒருவர்

பினாங்கில் வாழும் நமக்கு இன்னொரு கலைஞரின் நினைவு வருவது இயல்பு. பி.ரம்லீ 1929-இல் ஜார்ஜ் டவுனில் பிறந்தார். பாயான் பாருவிலிருந்து பேருந்து ஏறினால் அவர் பிறந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நடிப்பு, இயக்கம், பாட்டு, நகைச்சுவை எல்லாம் தெரிந்தவர். அவருடைய புகழ்பெற்ற நகைச்சுவைப் படமான ‘புஜாங் லாப்போக்’ வந்ததும் அதே 1957-இல்தான். அவரும் மக்களைத் தங்களையே பார்த்துச் சிரிக்க வைத்தார். அவரும் 44 வயதில், கையில் பணமில்லாமல் போய்ச் சேர்ந்தார். வாழ்கிறபோது கைதட்டி, போன பிறகு சாலைக்குப் பெயர் வைப்பது எல்லா இனத்துக்கும் பொதுவான பழக்கம் போலும்.

இன்றைக்கு என்.எஸ்.கே.யின் காட்சிகளைப் பார்க்கும் மாணவர் சிலருக்கு அவை மெதுவாகப் போவதாகத் தோன்றலாம். சில இடங்களில் பாடம் நடத்துகிறாரே என்றும் படலாம். அது நியாயமான விமர்சனம்தான். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி பழையதாகவில்லை. நம் வகுப்பு வாட்சப் குழுவில் பகிரப்படும் ஒரு ‘மீம்’, டிக்டாக்கில் ஒரு தோழியின் உடல்வாகைக் கேலி செய்யும் காணொளி, யாரோ சொன்னதை உண்மையா என்று பார்க்காமல் அனுப்பிவிடும் செய்தி ஆகியவற்றை எல்லாம் நாம் சிரித்துக்கொண்டேதான் செய்கிறோம். ‘இந்து நேசன்’ அச்சகத்தில் அடித்து விற்றதை இப்போது நாம் ஒவ்வொருவரும் கைப்பேசியில் இலவசமாகச் செய்ய முடிகிறது. ஒரு கலைஞரின் இரண்டரை ஆண்டுகளைத் தின்ற வழக்கின் தொடக்கத்தில் இருந்தது அத்தகைய சிரிப்புதான்.

சிரிப்பில் இரண்டு வகையும் உண்டு, இரண்டுக்கும் கூட்டம் சேரும். பலவீனமானவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம், அதற்குத் திறமை வேண்டியதில்லை. தன்னைப் பார்த்தும், தன்னைவிட வலியவரைப் பார்த்தும் சிரிக்க வைக்கத்தான் படிப்பும் துணிவும் வேண்டும். நான்கைந்து வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவர் அந்தப் படிப்பை எங்கேயோ கற்றுக்கொண்டார். பல்கலைக்கழகம் வரை வந்துவிட்ட நம்மால் முடியாதா?

இந்த ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் தேதி இரவு, மெர்டேக்கா வாணவேடிக்கைக்குக் காத்திருக்கும் நேரத்தில், யூடியூப்பில் ‘கிந்தனார்’ என்று தேடிக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.